வாடகைக்கு இருப்பவர் 'ஹோம்லெஸ்' ஆவாரா?

கேள்வி: சென்ற இதழில் 'ஹோம்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை எல்லா இடத்திலும் 'தங்க இடமில்லாதவர்' என்று எழுதியிருந்தீர்கள். அகராதியில் 'வீடற்றவர்' என்றுதானே இருக்கிறது? எனக்கும் வீடில்லை, வாடகைக்குத்தான் இருக்கிறேன். அப்படியானால் நானும் ஹோம்லெஸ்ஸா? 'லெஸ்' என்றால் குறைவு என்றல்லவா பொருள்?

பதில்: வாசற்கதவின் சாவி உங்கள் பையில் இருக்கும்வரை நீங்கள் ஹோம்லெஸ் இல்லை. அகராதி மேல் பிழையில்லை, குழப்பம் நம் பேச்சில் இருக்கிறது. தமிழில் 'எனக்கு வீடில்லை' என்றால் 'சொந்த வீடில்லை' என்றே காதில் விழும். ஹோம்லெஸ்ஸுக்குச் சொத்துரிமையோடு சம்பந்தமே கிடையாது. இன்றிரவு எங்கே படுப்பீர்கள், நாளைக்கும் அங்கே படுக்க உங்களுக்கு உரிமை உண்டா என்பதுதான் அதில் விஷயம். வீட்டுப் பத்திரம் பத்திரமாக இருந்தும், தீவிபத்தில் வீட்டைப் பறிகொடுத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருப்பவர் ஹோம்லெஸ். நீங்கள் அல்ல.

'லெஸ்' விஷயத்துக்கு வருவோம். இது ஒட்டு. பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'இல்லாத', 'விடுபட்ட' என்று பொருள். அவிழ்ந்ததைக் குறிக்கும் 'லூஸ்' இதற்கு உறவு. குறைவு என்று பொருள்படும் 'லெஸ்' வேறு வேரிலிருந்து வந்து, எழுத்தில் ஒத்துப்போய்விட்டது. ஒட்டாக வரும்போது 'லஸ்' என்று அமுங்கித்தான் ஒலிக்கும். ஆகவே நடுவே இடம்விட்டு இரண்டு சொல்லாக எழுதாதீர்கள்.

ஹவுஸ் என்பது கட்டடம், ஹோம் என்பது நிலையாக வாழும் இடம். இரண்டுக்கும் நாம் 'வீடு' என்றே சொல்லி ஒப்பேற்றுகிறோம். ஆனால் இந்த நுட்பம் தமிழுக்குப் புதிதல்ல. 340ஆம் குறளைப் பாருங்கள். உடம்பில் உயிர் இருப்பதை வள்ளுவர் 'துச்சில்' என்கிறார், அதாவது தற்காலிகமாக ஒதுங்கிக்கொள்ளக் கிடைத்த மூலை. அதற்கு எதிரே அவர் வைக்கும் சொல் 'புக்கில்', நிலையாகப் புகுந்து இருக்கும் இல்லம். ஹோம்லெஸ் என்பவர் புக்கில் இல்லாதவர். துச்சில் அவருக்குக் கிடைத்திருக்கலாம். அமெரிக்காவில் ஜனவரியின் கடைசிப் பத்து நாட்களில் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து ஹோம்லெஸ் கணக்கெடுக்கும்போது, காப்பகத்தில் படுத்திருப்பவரையும் தெருவில் படுத்திருப்பவரையும் தனித்தனியே எண்ணுகிறார்கள். ஆனாலும் இருவருமே ஹோம்லெஸ்தான். இங்கிலாந்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தலைக்கு மேல் கூரை இருந்தும், உள்ளே இருந்தால் அடி உதைக்கு ஆளாக நேரும் என்றால் அவரும் ஹோம்லெஸ்.

'ஹவுஸ்லெஸ்' இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நடைபாதை, மேம்பாலத்தின் அடி, பெரிய குழாய், ரயில்வே நடைமேடை ஆகியவற்றில் வாழ்கிறவர்கள் ஹவுஸ்லெஸ். 2011இல் இவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். ஐரோப்பாவில் பயன்படும் வகைப்பாட்டிலோ வெட்டவெளியில் படுப்பவருக்கு 'ரூஃப்லெஸ்' என்று பெயர். விடுதியிலோ காப்பகத்திலோ கொஞ்ச காலம் தங்கவைக்கப்பட்டிருப்பவர்தான் அங்கே ஹவுஸ்லெஸ். மொழிபெயர்க்கிறவர்கள் அறிக்கை எந்த ஊருடையது என்று பார்க்காமல் பேனாவைத் தொட்டால் படுகுழிதான்.

இலக்கணத்தில் நம்மவர்கள் வழுக்கும் இடம் ஒன்றுதான். ஹோம்லெஸ் பெயரடை. 'ஐ ஆம் ஹோம்லெஸ்' சரி, 'ஐ ஆம் எ ஹோம்லெஸ்' தப்பு. ஒருவரைச் சொல்ல 'எ ஹோம்லெஸ் மேன்', 'எ ஹோம்லெஸ் பர்சன்' என்று பின்னால் ஒரு பெயர்ச்சொல் வேண்டும். 'தி ஹோம்லெஸ்' என்றால் அந்த நிலையில் உள்ள எல்லோரும், எனவே 'ஆர்' என்று பன்மை வினைதான் வரும். கடைசியில் 'எஸ்' ஒட்டக்கூடாது. மனிதர்களை ஒரே மூட்டையாகக் கட்டுவதுபோல் இருக்கிறது என்பதால் 'தி ஹோம்லெஸ்'ஸைத் தவிர்த்து 'ஹோம்லெஸ் பீப்பிள்' என்று எழுதும்படி அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக்கையேடு 2020இல் சொன்னது. அதே பொருளில் 'அன்ஹவுஸ்டு' என்றும் இப்போது எழுதுகிறார்கள். தமிழில் அதற்கென்று தனிச்சொல் தேடி அலைய வேண்டாம்.

தமிழாக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு கோளாறு: 'ஹோம்லெஸ் ஷெல்டர்' என்பதை 'வீடற்ற காப்பகம்' என்று எழுதுவது. பாவம், காப்பகத்துக்கே வீடில்லாமல் போய்விடுகிறது! 'வீடற்றோர் காப்பகம்' என்று ஓர் 'ஓர்' சேர்த்தால் தீர்ந்தது. வெள்ளம் நூறு குடும்பங்களை ஹோம்லெஸ் ஆக்கியது என்றால் 'நூறு குடும்பங்கள் வீடிழந்தன' என்று எழுதுங்கள். இழந்ததற்கும் இல்லாததற்கும் வேறுபாடு உண்டு. 'அநாதை' பக்கமே போகாதீர்கள், ஹோம்லெஸ்ஸுக்குத் தாய் தகப்பன் இருக்கலாம். 'அகதி'யும் பொருந்தாது. 1951 ஐ.நா. உடன்படிக்கைப்படி அகதி என்பவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

இனி எங்கள் கட்டுரை. தெருவில் படுப்பவர்களைப் பற்றிப் பேசிய பத்திகளில் 'தங்க இடமில்லாதவர்' சரியே, அதை மாற்றப்போவதில்லை. ஆனால் இரவுக் காப்பகத்தில் இருந்தவர்களையும் அதே சொல்லால் குறித்துவிட்டோம். அவர்களுக்குத்தான் தங்க இடம் இருந்ததே! அந்தப் பத்தியில் 'வீடற்றவர்' என்று இருந்திருக்க வேண்டும். அங்கே மட்டும் உங்கள் அகராதி ஜெயித்தது.