சுருங்கி முடிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். விடுமுறையில் என் எட்டு வயது மகளைக் கைபேசியிலிருந்து கொஞ்சம் பிரிக்கலாம் என்று, இயற்கைப் பொருட்களில் கைவினை செய்யும் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். காய்ந்த இலைகள், பைன் காய்கள், சிப்பிகள், நறுக்கிய பனையோலை, பசை எல்லாம் அதில் இருந்தன. அரை மணி நேரத்தில் அத்தனையையும் அட்டையில் ஒட்டிவிட்டு, "முடிஞ்சது" என்று எழுந்து போய்விட்டாள். இதைவிட நல்ல பெட்டியோ புத்தகமோ சொல்வீர்களா? வெளியே போய்ப் பறிக்கச் சொன்னால் இயற்கையைக் கெடுக்கச் சொல்லித்தருவதாகிவிடாதா? இதற்கெல்லாம் என்ன எதிர்காலம் என்று என் கணவர் கேட்கிறார்.

ம.

அன்புள்ள ம.,

இரண்டு நாளாக என் மேசையில் ஓர் ஓலைப் பெட்டி கிடக்கிறது. என் ஆச்சி முடைந்தது. விளிம்பில் கட்டிய நார் விட்டுப்போயிருக்கிறது. அதைத் திரும்பக் கட்ட யாரிடம் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் கணவரின் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எட்டு வயதுப் பிள்ளை விளையாட எதிர்காலம் எதற்கு? இலை பறித்தால் இயற்கை கெட்டுவிடும் என்பதும் வேண்டாத பயம். உங்கள் தெருவில் உதிர்ந்து கிடப்பதே ஒரு சாக்கு தேறும்.

ஆனால் அந்தப் பெட்டியை வாங்கியதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். வேலையில் முக்கால் பங்கை யாரோ முடித்துவிட்டு, ஒட்டுகிற கால் பங்கை மட்டும் உங்களிடம் விற்றிருக்கிறார்கள். தேடுவது, குனிந்து எடுப்பது, இது சொத்தை என்று போடுவது, காயவைப்பது, காயவைத்தது வீணாகி அழுவது எல்லாமே போயிற்று. மிஞ்சியது பசை. அரை மணி நேரத்தில் அவள் எழுந்து போனது சரி. பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். தேரி மணலும் பனையும்தான். ஓலைக் காத்தாடிக்குக் கருவேல முள்தான் அச்சு. நுங்கு தின்ற காய் இரண்டைக் குச்சியில் கோத்துக் கவைக்கம்பால் தள்ளினால் வண்டி. இதெல்லாம் தானாக வந்தது. பெட்டி முடைவது அப்படி வரவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பனையேறும் மாமா ஒருவர் கெஞ்சலுக்கு இரங்கி ஒரு குருத்தோலை வெட்டிப் போட்டார். பச்சை மணம் போகுமுன்பே உட்கார்ந்து அன்றைக்கே முடைந்து முடித்துவிட்டேன். ஆச்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான்கே நாளில் ஓலை சுருங்கிப் பின்னலுக்கு நடுவே சந்து விழுந்தது. உள்ளே போட்டுவைத்திருந்த புளியங்கொட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டது. அழுதேன். அப்புறம்தான் ஆச்சி தன் ஓலையை எடுத்துக் காட்டினாள். வெயிலில் வெளுக்கும்வரை காயவைத்தது. காய்ந்ததை அப்படியே மடித்தால் ஒடியும். அதனால் ராத்திரி முற்றத்துப் பனியில் போட்டு, வெயில் வருமுன் எடுத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலமாகக் கத்தியால் வகிர்ந்து வைத்திருந்தாள். "சுருங்குறது சுருங்கி முடிக்கட்டும்லே, பெறவு கைய வையி" என்றாள்.

இன்னொரு குருத்துக்காக மாமாவிடம் ஓடினேன். அவர் தரவில்லை. பனை மாதத்துக்கு ஓர் ஓலை விட்டாலே பெரிது, எல்லாவற்றையும் பிடுங்கினால் மரம் என்னத்தைக் கொண்டு பிழைக்கும், அடுத்த மாசம் வா என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு மாதமும் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அண்ணாந்துகொண்டே நடந்தேன். எது ஆண்பனை, எது பெண்பனை, எதில் குருத்து நீண்டுவிட்டது, எந்த மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துகொண்டதுதான். ம., நான் பெட்டி முடையக் கற்றது அந்த ஒரு மாதத்தில்தான், கையில் ஓலையே இல்லாமல். உங்கள் பெட்டிக்காரர்கள் நறுக்கி எறிந்தது அந்த மாதத்தை.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் மரம் நின்றால் மட்டும் போதாது, ஏற ஆள் இல்லாவிட்டால் குருத்தோலை கீழே வராது. மணப்பாட்டில் இன்னும் ஓலை முடைகிற பெண்கள் இருக்கிறார்கள். ஆச்சியின் பெட்டியை அங்கேதான் எடுத்துப் போகப்போகிறேன்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ஒரு வெறும் துணிப்பையோடு மகளைத் தெருவுக்குக் கூட்டிப்போங்கள். வாகை நெற்று காய்ந்திருந்தால் ஆட்டிப் பார்க்கட்டும், கிலுகிலுப்பை அதுவே. பூவரசு இலையைச் சுருட்டி நுனியை லேசாக நசுக்கினால் பீப்பீ. முதல் பத்து இலை ஊதாது, நீங்கள் ஊதிக் காட்டாதீர்கள்.

அந்தப் பைன் காய்களில் அட்டையில் ஒட்டாதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அவள் மலையில் நிற்கும் அந்த மரத்தைப் பார்த்திருக்க மாட்டாள். பரவாயில்லை. ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏற ஏறச் செதில்கள் மூடிக்கொள்ளும். எடுத்து ஜன்னல் வெயிலில் வைத்தால் காய்ந்து மறுபடி விரியும். அதைப் பார்த்து அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.