கேலிக்கும் முறை வேண்டும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் டாலஸில் இருக்கிறோம். என் அண்ணனும் என் கணவரும் 15 வருடமாக மச்சான், மாப்பிள்ளை என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள். 2024 தேர்தலில் ஒருவர் டிரம்ப் பக்கம், இன்னொருவர் கமலா ஹாரிஸ் பக்கம். ஒரு ராத்திரி சாப்பிடும்போது வார்த்தை முற்றிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வருகிற தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கப்போகிறேன். "நாலு ஜோக் சொல்லு, சரியாகிவிடும்" என்கிறாள் என் தோழி. சரியாகுமா?
– ஒரு வாசகி, டாலஸ்

பதில்: ஆகும் அம்மா. ஆனால் எந்த ஜோக், யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். மச்சினன் மாப்பிள்ளையை என்ன ஓட்டு ஓட்டினாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அதே வார்த்தையைத் தெருவில் போகிற ஒருவர் சொன்னால் கைகலப்பாகிவிடும். வார்த்தை ஒன்றுதான், ஆனால் ஒருவருக்கு முறை இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. அமெரிக்க அரசியலில் இன்று அறுந்து கிடப்பது அந்த முறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960-ல் அமெரிக்கர்களிடம் கேட்டபோது, ஆம் என்றவர்கள் இரண்டு கட்சியிலும் நூற்றுக்கு 5 பேர் அளவுதான். அதே மாதிரிக் கேள்வியை 2010-ல் கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வருத்தப்படுவோம் என்றார்கள். சம்பந்தமே வேண்டாம் என்று நினைக்கிற வீட்டோடு என்ன கேலி பேச முடியும்?

உங்கள் வீட்டில் முறை இன்னும் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு டிவியில் எந்தக் கட்சியைக் கிண்டல் செய்கிற நிகழ்ச்சியும் ஓட வேண்டாம், ஒருவர் சிரிப்பார், இன்னொருவர் எழுந்து போய்விடுவார். இரண்டு பேரும் சேர்ந்து ஏமாந்த பழைய கதை ஒன்று கட்டாயம் இருக்கும், முதல் பனியில் கார் ஓட்டி மாட்டிக்கொண்டதோ, அளவு தெரியாமல் வான்கோழி வாங்கி வந்து ஓவனுக்குள் நுழைக்க முடியாமல் முழித்ததோ. அதைப் பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுக்காமல் அந்தக் கதை முடியாது. அப்புறம், எவர் கட்சி தோற்றதோ அவர் தன் கட்சியைப் பற்றித் தானாக ஒரு ஜோக் சொன்னால் பாதி வேலை முடிந்தது. அதை நீங்கள் கேட்டு வாங்க முடியாது, அது அவராகச் சொல்ல வேண்டியது. ஜெயித்தவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்குக் குத்திக்காட்டக் கூடாது என்று சொல்லி வையுங்கள். அண்ணனாக இருந்தாலும் கணவராக இருந்தாலும் சொல்லுங்கள்.

கேள்வி: எதிரும் புதிருமான தலைவர்கள் மேடையில் சிரித்துப் பேசுவதெல்லாம் கேமராவுக்காகத்தானே? அமெரிக்காவில் மனசாரச் சிரித்ததாக ஒரு சம்பவமாவது உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

பதில்: உண்டு ஐயா. எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் பாப் டோல். கான்சாஸ் மாநிலத்துக்காரர். இரண்டாம் உலகப்போரில், 1945 ஏப்ரலில், இத்தாலியில் குண்டடிபட்டு வலது கை விளங்காமல் போனது, அந்தக் கையில் எப்போதும் ஒரு பேனாவைப் பிடித்திருப்பார், யாரும் தெரியாமல் பற்றிக் குலுக்கிவிடக் கூடாது என்பதற்காக. 1996-ல் குடியரசுக் கட்சி சார்பில் ஜனாதிபதி பதவிக்கு நின்று பில் கிளிண்டனிடம் தோற்றார். அப்போது அவருக்கு வயது 73, அவருக்கு இனி இன்னொரு தேர்தல் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து, 1997 ஜனவரி 17 அன்று, கிளிண்டன் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை அணிவித்தார். கிளிண்டன் இரண்டாம் முறை பதவியேற்க இன்னும் மூன்றே நாள். டோல் ஏற்புரை சொல்ல எழுந்து, முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்: "ராபர்ட் ஜே. டோல் எனும் நான், உளமார உறுதி கூறுகிறேன்..." நிறுத்தினார். "மன்னிக்க வேண்டும், பேச்சு மாறிவிட்டது." இந்த வாரம் ஜனாதிபதி கையால் ஏதோ வாங்குவதாகக் கனவு கண்டேன், அது வாசல் கதவுச் சாவியாக இருக்கும் என்று நினைத்தேன் என்றும் சொன்னார். அறையே சிரித்தது, கிளிண்டனும்தான். அந்த ஜோக்கில் கிளிண்டனைப் பற்றி ஒரு சொல் கூடக் கிடையாது, கவனித்தீர்களா? ஆனால் டோலுக்கு ஓட்டுப் போட்ட கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது. நான் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன், அந்த ஆளோடு நிற்க என்னால் முடிகிறது, உங்களாலும் முடியும். அதை ஜெயித்தவர் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், தோற்றவர்தான் சொல்ல முடியும்.

கிளிண்டனிடம் 1992-ல் தோற்ற மூத்த ஜார்ஜ் புஷ்ஷும் இதைத்தான் செய்தார். டானா கார்வி என்ற காமெடி நடிகர் அவருடைய குரலையும் கையசைப்பையும் வைத்துச் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் வாராவாரம் நாட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். தேர்தலில் தோற்ற அடுத்த மாதம், புஷ் அவரையே வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டார். வேலை போகப்போகிற ஊழியர்கள், துவண்டுபோன முகங்களோடு, ஜனாதிபதி வரப்போகிறார் என்று கிழக்கு அறையில் காத்திருக்கிறார்கள். ஜனாதிபதிக்கான வரவேற்பு இசை ஒலிக்கிறது, கதவு திறக்கிறது, உள்ளே வந்து மைக் முன்னால் நிற்கிறார் கார்வி, புஷ் குரலிலேயே பேசுகிறார். அன்று அந்த ஊழியர்கள் சிரித்த சிரிப்பை வீடியோவில் பார்த்தால் கண் கலங்கும். புஷ்ஷும் கார்வியும் அதற்குப் பிறகும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

ரீகன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1981 மார்ச் 30 அன்று சுடப்பட்டு அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, "நீங்கள் எல்லோரும் குடியரசுக் கட்சிக்காரர்கள்தானே?" என்று மருத்துவர்களைப் பார்த்துக் கேட்டார். அந்தக் குழுவில் இருந்த டாக்டர் ஜோசப் ஜியோர்டானோ ஜனநாயகக் கட்சி ஆதரவாளர். அவர் சொன்ன பதில்: "இன்றைக்கு நாங்கள் எல்லோருமே குடியரசுக் கட்சிக்காரர்கள்தான், மிஸ்டர் பிரசிடென்ட்." நெஞ்சில் குண்டோடு படுத்திருப்பவர் எந்தக் கேமராவுக்காக நடிப்பார், சொல்லுங்கள்?

கேள்வி: அமெரிக்க டிவி காமெடி நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்பேன். ஆனால் அவைதான் பிரிவினையைக் கூட்டுகின்றன என்று என் நண்பன் சொல்கிறான். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: உன் நண்பன் சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி. நம் பக்கத்து ஆட்களை உட்கார வைத்து அடுத்த பக்கத்தைக் கிண்டல் செய்வது எளிது, கைதட்டல் நிச்சயம், ஆனால் அந்தக் கைதட்டல் சுவருக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. சுவரைத் தாண்டிய ஒன்றைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 3, அதே 'சாட்டர்டே நைட் லைவ்'. டெக்சாஸில் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, குடியரசுக் கட்சி சார்பில் போட்டியிட்ட டான் கிரென்ஷாவின் கண்மறைப்பை பீட் டேவிட்சன் என்ற இளம் நடிகர் கேலி செய்தார். கிரென்ஷா கடற்படை அதிரடி வீரராக இருந்தவர், 2012-ல் ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பில் ஒரு கண்ணை இழந்தவர். "போரிலோ எதிலோ கண் போச்சாம்" என்கிற தொனியில் டேவிட்சன் சொன்ன அந்த அலட்சியம்தான் எல்லோரையும் சுட்டது. நாடு கொதித்தது. கிரென்ஷா மன்னிப்புக் கேட்கச் சொல்லி மல்லுக்கு நிற்கவில்லை, தேர்தலில் ஜெயித்துவிட்டு அடுத்த சனிக்கிழமையே அந்த மேடைக்கு வந்தார். டேவிட்சன் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டார். கிரென்ஷாவின் போன் அடித்தது, ரிங்டோன் அரியானா கிராண்டேயின் பாட்டு, அந்தப் பாடகிக்கும் டேவிட்சனுக்கும் நிச்சயதார்த்தம் முறிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது! கிரென்ஷா போனை எடுக்காமல் மெதுவாக அடிக்கவிட்டார். அப்புறம் டேவிட்சனின் தோற்றத்தைப் பார்த்து அவரும் நாலு போடு போட்டார், கணக்கு நேரானது. கடைசியில் குரல் மாறி, போர் வீரர்களை மறக்காதீர்கள் என்றார், அதே மூச்சில், செப்டம்பர் 11 அன்று கடமையில் உயிரைக் கொடுத்த பீட்டின் அப்பாவைப் போன்றவர்களையும் மறக்க மாட்டோம் என்றார். டேவிட்சனின் அப்பா நியூயார்க் தீயணைப்பு வீரர். அவர் இறந்தபோது பையனுக்கு 7 வயது.

அடுத்த மாதம் டேவிட்சன் மனம் உடைந்து, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி எழுதியபோது, போன் போட்டுப் பேசியவர்களில் கிரென்ஷாவும் ஒருவர். முழுக்கதையையும் சொல்ல வேண்டுமென்றால் இதையும் சொல்ல வேண்டும்: 2020-ல் டேவிட்சன், அந்த மன்னிப்பை என்னிடம் கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று மேடையில் பேசினார். படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் போன் அழைப்பு நடந்தது நடந்ததுதான்.

கேள்வி: தேர்தலுக்கு முன் இரண்டு வேட்பாளர்களும் ஒரே விருந்தில் ஜோக் அடிப்பார்களாமே, அது என்ன?
– வாசகர், புதுச்சேரி

பதில்: அல் ஸ்மித் நினைவு விருந்து. நியூயார்க்கில் கத்தோலிக்க மறைமாவட்டம் அக்டோபரில் நடத்தும் நிதி திரட்டும் விருந்து. 1928-ல் பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளராக நின்ற முதல் கத்தோலிக்கர் அல் ஸ்மித், அவர் பெயரில் நடக்கிறது. 1960-ல் கென்னடியும் நிக்சனும் அதில் ஒன்றாகக் கலந்துகொண்டார்கள். 2008-ல் ஒபாமாவும் மெக்கெய்னும் ஒருவரையொருவர் கலாய்த்துவிட்டு, எதிராளிக்கு வெற்றி வாழ்த்து சொல்ல முடியாது, ஆனால் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மெக்கெய்ன் சொன்னார். 2016-ல் டிரம்ப்பின் கிண்டல் ஹிலாரி கிளிண்டன் மீது அளவுக்கு மீறிப் போய், கூட்டம் கூச்சலிட்டது. 2024-ல் கமலா ஹாரிஸ் நேரில் வரவில்லை, வீடியோ அனுப்பினார். அந்த விருந்து பழைய மாதிரி நடக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

கேள்வி: விசா, வேலை, பிள்ளைகளின் எதிர்காலம் என்று பயத்தில் இருக்கிறவர்களிடம் போய் "சிரியுங்கள்" என்பது வசதியாக இருப்பவர்கள் பேசுகிற பேச்சு இல்லையா?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அடி வாங்குகிறவனைச் சிரிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2004-ல் இளைய புஷ் ஒரு பத்திரிகையாளர் விருந்தில், தன் அலுவலக மேஜை நாற்காலிக்கு அடியில் தேடுகிற படங்களைக் காட்டி, பேரழிவு ஆயுதங்கள் இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும் என்று ஜோக் அடித்தார். அந்த ஆயுதங்களைக் காரணம் காட்டித் தொடங்கிய ஈராக் போரில் அதற்குள் 500-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள், செத்த ஈராக்கியர்கள் அதைவிடப் பல மடங்கு. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்த ஜோக் எப்படி விழுந்திருக்கும்? தான் செய்த தவறின் விலையை அடுத்தவர் கொடுக்கும்போது அதைச் சிரிப்பாக்கவே கூடாது.

ஆனால் சிரித்தால் கொள்கையை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தில் ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் ஆன்டனின் ஸ்கலியாவும் பெரிய வழக்குகளில் எதிரெதிர்த் துருவம். வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று 1996-ல் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பை எதிர்த்து நின்ற ஒரே நீதிபதி ஸ்கலியா. தன் எதிர்ப்பின் வரைவை அவரிடம் முன்கூட்டியே கொடுத்தார், இந்தா, இதற்குப் பதில் தேடிக்கொள் என்று. என் வார இறுதியே பாழானது, ஆனால் தீர்ப்பு இன்னும் நன்றாக வந்தது என்று கின்ஸ்பர்க் சொல்லியிருக்கிறார். 1994-ல் இருவரும் இந்தியா வந்தபோது ஒரே யானைமேல் சவாரி செய்த படம் ஒன்று உண்டு, ஸ்கலியா முன்னால், கின்ஸ்பர்க் பின்னால். பெண்ணுரிமைக்காரரான நீங்கள் ஏன் பின்னால் உட்கார்ந்தீர்கள் என்று தோழிகள் கேட்டதற்கு, யானைக்காரர் எடை பார்த்து உட்கார வைத்தார் என்றார். இரண்டு பேரும் கடைசி வரை தங்கள் கருத்தில் ஓர் அங்குலம் நகரவில்லை.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த அமெரிக்க அரசியல் ஜோக்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மோ யூடால் சொன்னது. அரிசோனாவின் ஜனநாயகக் கட்சிக்காரர், சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர், 1976-ல் ஜனாதிபதி வேட்பாளராக முயன்று தோற்றார். பிரசாரத்தில் ஒரு சலூனுக்குள் நுழைந்து, "நான் மோ யூடால், ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறேன்" என்றாராம். முடிவெட்டுகிறவர் சொன்னாராம்: "தெரியும், காலையில் அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்."

1983-ல் அதே அரிசோனாவிலிருந்து குடியரசுக் கட்சியின் புதுமுகமாகக் காங்கிரஸுக்குள் வந்த ஜான் மெக்கெய்னை, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் கூட அழைத்துக்கொண்டு வேலை கற்றுக்கொடுத்தவர் யூடால். நான் மேலே சொன்ன முறை அங்கேதான் ஏற்பட்டது. பிறகு யூடாலை பார்க்கின்சன் நோய் படுக்கையில் தள்ளியது, 1991-ல் பதவியை விட்டார், வாஷிங்டனில் ஒரு முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் வருடக்கணக்காகக் கிடந்தார். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மெக்கெய்ன் சில வாரங்களுக்கு ஒருமுறை போவார், அரிசோனா விஷயங்கள் வந்த பேப்பர் துணுக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டு. பெரும்பாலும் யூடால் கண்ணைத் திறக்கக்கூட மாட்டார். மெக்கெய்ன் தோளை மெதுவாகத் தட்டி, "மோ, ஜான் வந்திருக்கிறேன்" என்பார்.