அந்த உடல் யாருக்காக வரையப்பட்டது? (கடிதம்)

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பெண்களின் உடலை ஆண்கள் பார்ப்பதற்கென்றே மிகைப்படுத்தி வரைவதைச் சாடி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆண்களையும்தான் நம்பமுடியாத தசைகளோடு வரைகிறார்கள். பிறகு ஏன் இந்தக் கோபம்? 13 வயதாகும் என் மகள், நான் சேர்த்துவைத்திருக்கும் காமிக்ஸ்களைத் தொடுவதேயில்லை. பெண்களுக்கு இயல்பிலேயே இதில் நாட்டம் இல்லையென நினைக்கிறேன். அவளுக்கு எதை வாங்கித் தரலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தான் நேசிப்பதை மகளோடு பகிர்ந்துகொள்ளத் துடிக்கும் தகப்பனை உங்கள் கடிதத்தில் காண்கிறேன். சில வாரங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால், பெண்களுக்கு நாட்டமில்லை என்று தீர்ப்பெழுதும் முன் நீங்கள் சற்று விசாரித்திருக்க வேண்டும்.

தசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாயகனின் புஜம், படிக்கும் பையன் தனக்கு வேண்டுமென ஏங்கும் வலிமை. நாயகியின் இடை, அதே பையன் பார்ப்பதற்கென்று வளைக்கப்பட்டது. இரண்டும் மிகைதான், ஆனால் இரண்டுமே அவனுக்காகச் செய்யப்பட்டவை.

அமெரிக்காவில் 1940களில் காமிக்ஸ் மருந்துக்கடைகளிலும் பத்திரிகைக் கடைகளிலும் கிடைத்தது. சிறுமிகளும் வாங்கிப் படித்தார்கள். காமிக்ஸ் படைப்பாளிகளான ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1947இல் தொடங்கிய ‘யங் ரொமான்ஸ்’ என்ற காதல் காமிக்ஸ், பெண் வாசகர்களை நம்பியே பெருவெற்றி பெற்றது. 1970கள் தொடங்கி விற்பனை மெல்ல மெல்லக் காமிக்ஸுக்கென்றே அமைந்த தனிக்கடைகளுக்கு நகர்ந்தது. விற்காத பிரதிகளைத் திருப்பித் தர வழியில்லாததால், வழக்கமாக வரும் ஆண்கள் எதை வாங்குவார்களோ அதையே கடைக்காரர் தருவித்தார். அந்த ஆர்டரைப் பார்த்துப் பதிப்பாளர் அடுத்த இதழைத் தீர்மானித்தார். கண்ணிலேயே காட்டாத ஒன்றைச் சிறுமிகள் விரும்பவில்லை என்று பழிசொல்வது அநியாயம்.

மார்வெல் காமிக்ஸின் சூப்பர் ஹீரோ நாயகி கேரோல் டேன்வர்ஸ், கதைப்படி அமெரிக்க விமானப்படை அதிகாரி. அப்படிப்பட்டவரை 1978இல் நீச்சலுடை போன்றதொரு கறுப்பு உடையும் தொடைவரை ஏறும் பூட்ஸும் போட்டுச் சண்டைக்கு அனுப்பினார்கள். உடலை முழுக்க மூடும், விமானிக்குரிய உடை அவருக்கு வாய்த்தது 2012இல்தான். கெல்லி சூ டிகானிக் கதை எழுத, ஜேமி மெக்கெல்வி அந்த உடையை வடிவமைத்தார்.

2014இல் ஜி. வில்லோ வில்சன் எழுதி, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்த ‘மிஸ் மார்வெல்’ இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான், கேரோலைப்போல ஆகிவிட ஏங்குகிறாள். ஏக்கம் பலிக்கிறது: பொன்னிறக் கூந்தல், அந்தப் பழைய கறுப்பு உடை, அந்த பூட்ஸ். ஆனால் பூட்ஸ் காலைக் கடிக்கிறது, உடை உறுத்துகிறது, இரவல் உடலில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு தன்னுடைய புர்க்கினியையே (உடலை மூடும் நீச்சலுடை) சண்டை உடையாக்கிக்கொள்கிறாள். அவளுடைய ஆற்றலோ உடலை நீட்டுவதும் பெருக்குவதும். அல்ஃபோனாவின் சித்திரத்தில் அவள் முஷ்டி பூதாகரமாகப் பெருத்து, கைகால்கள் கன்னாபின்னாவென்று நீளும்போது, அவள் அழகாகத் தெரிகிறாளா என்ற கவலை எங்குமே இல்லை. அத்தனை ஆண்டுகள் சித்திரக்காரர்கள் கேரோலுக்குக் கொடுக்க மறுத்த சுதந்திரம் அது.

அந்தத் தொடரின் முதல் தொகுதி 2015இல், அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருது பெற்றது. அதையே வாங்கிக் கொடுங்கள். உங்கள் சேகரிப்பை ஏன் தொடுவதில்லை என்று மகளிடமே கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.