போனிலேயே நல்ல படம் வரும்போது, பிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கமரா எதற்கு?

எனக்கு முதற்காரணம் அதன் ஜன்னல். எஸ்எல்ஆர் எனப்படும், உள்ளே கண்ணாடி உள்ள கமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்போம்; கிளிக் செய்யும் கணத்தில் கண்ணாடி மேலெழும்பி எல்லாம் மறைந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்க ஒரு தனி ஜன்னல் உண்டு. அதன் நடுக்கட்டத்தில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. 1954இல் வந்த லைக்கா எம்3 போன்றவற்றில் படச்சட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் தெரியும். நல்லூர்த் தேர் நாளில் வீதியில் நின்று பாருங்கள்: சட்டத்துக்குள் யார் நுழையப் போகிறார் என்பது முன்கூட்டியே தெரியும், அந்த நொடிக்குக் காத்திருக்கலாம். ஷட்டர் சத்தமும் மெல்லியது, பக்கத்தில் கும்பிடுபவர் திரும்பமாட்டார்.

அப்புறம், ஒரு ரோலில் 36 படம்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் மனம் கொடுக்கிறோம்.

கிட்டத்தில் பூ, பூச்சி எடுக்க இது உதவாது. பல லென்ஸ்கள் 70 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது. லைக்கா எம்6 2022இல் மறுபடி வந்தது, ஆனால் விலை மிக அதிகம். தொடங்குபவருக்குப் பழைய யாஷிகா எலெக்ட்ரோ 35 போதும். எங்கள் யாழ்ப்பாண வெயிலில் பிலிமைக் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.