எச்.ஐ.வி. உள்ள அண்ணனை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்பதைவிட, அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் உங்களை அரிக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான்.

என் தம்பி அப்போது சங்ககிரியில் லாரி டிரைவர். சேலம் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவன், வடக்கே லோடு போகும்போது கிளீனர் பார்த்துவிடுவான் என்று மாத்திரையை நிறுத்திவிட்டான். 2011இல் ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். டிபி, வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண், முதுகுக்குக் கீழே படுக்கைப்புண். சேலத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் கட்டுப் போடவே மறுத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "எத்தனை நாள் தாங்கும்?" என்று வாசலில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம்தான் கீழே சேலத்திலிருந்து பஸ் ஏறி ஒரு அக்கா வந்தார். அவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. தொற்றுள்ளவர்களே சேர்ந்து நடத்தும் சங்கத்திலிருந்து வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எங்க கண்ணு வலிக்குது?" என்று கேட்டபடி வெறும் கையால் அவன் காலைப் பிடித்துவிட்டார். அம்மா வாயடைத்து நின்றார். கையுறை மாட்டியது புண்ணைக் கழுவும்போது மட்டும்தான்.

அந்த அக்கா சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றைக்கும் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இழுக்கக் கூடாது, தூக்கித்தான் நகர்த்த வேண்டும், இழுத்தால் தோல் உரிந்துவிடும். புண்ணை உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கழுவச் சொன்னார். வாடைக்கு, டாக்டர் எழுதிக்கொடுத்த மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினோம். சில நாளிலேயே அந்த அறைக்குள் உட்கார்ந்து பேச முடிந்தது. வாய்ப்புண்ணுக்கும் மாத்திரை உண்டு. அது ஆறும்வரை ராகிக் கூழை மோரில் கரைத்து, காரமில்லாமல், ஆறவைத்து ஸ்பூனில் கொடுத்தோம். வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடக் கூடாது, டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

தட்டு, டம்ளர், கக்கூஸ், கொசுக்கடி எதிலும் எச்.ஐ.வி. பரவாது. ரத்தம் பட்ட துணியைக் கையுறையோடு எடுத்து பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தால் போதும். பிள்ளைகள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது டிபியை. இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகளை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். விடாத தலைவலியோடு காய்ச்சல், மூச்சுத் திணறல், பிதற்றல், வலிப்பு இதில் எது வந்தாலும் உடனே கொண்டுபோக வேண்டும். தம்பிக்கு ஒரு நாள் அப்படி மூச்சு வாங்கியது. மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, கோடை விழாக் கூட்டம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார்கள் நின்றன. மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலையில் குடியிருப்பவனுக்கும் நோய் வரும், பிரசவம் வரும். சீசனில் ஆம்புலன்சுக்கு ஒரு வழி விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்கள் வாய்தான் வலிக்கிறது. காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் படுத்துவிட்டதால் முடிந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்வது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எச்.ஐ.வி.யில் அது ஏஆர்டியோடு சேர்ந்தே நடக்க வேண்டியது. தம்பிக்குப் பாதம் நெருப்பில் வைத்ததுபோல எரியும். முன்பு சாப்பிட்ட ஸ்டாவுடின் என்ற ஏஆர்டி மருந்து நரம்பைக் கெடுத்திருக்கிறது என்று டாக்டர் மாத்திரையை மாற்றினார். இப்போது அந்த மாத்திரை கொடுப்பதில்லை. இப்போது தருவது டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. தம்பி எழுந்து நடந்தான். இன்று டயர் கடை வைத்திருக்கிறான்.

அண்ணன் மாத்திரையை விட்டிருந்தால் திட்டாமல் ஏஆர்டி மையத்துக்குக் கூட்டிப் போங்கள், மறுபடி தொடங்குவார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து, வலியைத் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அங்கே நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, ரகசியம் காப்பது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி அவர்கள் கடமை. எங்களுக்கு நடந்ததுபோல யாராவது கட்டுப் போட மறுத்தாலும் அதே சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். யாரிடம் போவது என்று புரியாவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்கு போன் செய்யுங்கள், காசு கிடையாது.