லோரி டர்போவில் தீ வைக்க வேண்டாம்: மாறு சுழற்சி ஜெட் இன்ஜின் பற்றி ஒரு தந்தையின் கேள்வி

கேள்வி: அண்ணே, நான் கெடா, பாடாங் செராய் பக்கம் ஒரு செம்பனை ஆலைப் பட்டறையில் வேலை செய்கிறேன். மகள் பொலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்பு டிப்ளோமா, இறுதியாண்டு. போர் விமானங்களுக்காகச் சோதிக்கப்படும் ‘வேரியபிள் சைக்கிள்’ (மாறு சுழற்சி) ஜெட் இன்ஜினை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாள். பழைய லோரி டர்போ ஒன்று கைவசம் இருக்கிறது. வெல்டிங் நானே செய்துவிடுவேன். கேஸ் தோம்பு வைத்து அதை ஓட்டிக் காட்டலாமா? 1,000 ரிங்கிட்டுக்குள் முடியுமா? இதைப் படிப்பது அவளுக்கு வேலைக்கு உதவுமா?

பதில்: முதலில் டர்போவை எடுத்து ஓரமாக வையுங்கள். அதில் ஜெட் இன்ஜின் செய்யும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, தெரியும். ஆனால் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை நெருங்கும். எண்ணெய் ஒரு நொடி தடைபட்டால் போதும், பேரிங் போய்விடும். ஒரு பட்டறையில் அப்படி உடைந்த சக்கரத்தின் துண்டு தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டை என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. பக்கத்தில் கேஸ் தோம்பும் இருந்தால் என்ன ஆகும் என்று ஆலையில் வேலை செய்யும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. மாறு சுழற்சி இன்ஜினில் புதுமை தீயில் இல்லை, காற்றை எந்த வழியில் அனுப்புகிறோம் என்பதில்தான் இருக்கிறது. வயலில் மடையைத் திறந்து அடைப்பது போலத்தான். வாய்க்காலில் வரும் நீர் ஒன்றுதான். எந்த மடையை எவ்வளவு திறக்கிறோமோ அதற்கேற்பப் பாய்ச்சல் மாறும். உங்கள் மகள் காட்ட வேண்டியது அந்த மடையைத்தான். அதற்குத் தீயே வேண்டாம்.

சரி, ஏன் மடை மாற்ற வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 125 கிராம் காற்றை 40 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளினால் காற்றில் போய்ச் சேரும் சக்தி 100 வாட், கிடைக்கும் உந்துவிசை 5 நியூட்டன். அதே 100 வாட்டில் நொடிக்கு 500 கிராம் காற்றை 20 மீட்டர் வேகத்தில் தள்ளினால் உந்துவிசை 10 நியூட்டன். செலவு அதேதான், தள்ளுவது இரண்டு மடங்கு. நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சம். பயணிகள் விமான இன்ஜினின் முன்விசிறி அவ்வளவு பெரிதாக இருப்பது இதனால்தான். நடுவில் எரியும் பகுதிக்குப் போகும் ஒரு பங்கு காற்றுக்கு, வெளியே சுற்றிப் போகும் காற்று எத்தனை பங்கு என்பதை பைபாஸ் விகிதம் என்பார்கள். ஏர்பஸ் ஏ320 நியோவில் வரும் லீப் இன்ஜினில் அது சுமார் 11. நம் விமானப்படையின் ஹார்னெட் போர் விமானத்தில் இருக்கும் எஃப்404 இன்ஜினில் சுமார் 0.34.

இவ்வளவு வித்தியாசம் எதற்கு? விமானமே நொடிக்கு 30 மீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டரில் வெளியேறும் காற்றால் அதைத் தள்ளவே முடியாது. 40 மீட்டரில் வெளியேறும் காற்றால் முடியும். ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானத்துக்கு ஒல்லியான, வேகமான ஓடை வேண்டும். அதே விமானம் மணிக்கணக்கில் காவல் சுற்றும்போது பருத்த, நிதானமான ஓடை வேண்டும். சாதாரண இன்ஜினில் இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு விகிதத்தில் சமரசம் செய்து அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். மாறு சுழற்சி இன்ஜினில் அந்த விகிதத்தைப் பறக்கும்போதே மாற்றலாம்.

இந்த யோசனை புதிதல்ல. எஸ்ஆர்-71 உளவு விமானத்தின் ஜே58 இன்ஜினில், காற்றழுத்தியின் நாலாவது அடுக்கிலிருந்து ஆறு பெரிய குழாய்கள் புறப்பட்டு நேரே பின்னெரிப்பானுக்கு, அதாவது இன்ஜினின் பின்பகுதியில் மறுபடி எரிபொருள் ஊற்றி எரிக்கும் இடத்துக்கு, போகும். வேகம் ஏறியதும் அந்த வழி திறந்துகொள்ளும். 1960களிலேயே இதைச் செய்துவிட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

1990இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஒய்எஃப்120 என்ற மாறு சுழற்சி இன்ஜின், அமெரிக்காவின் புதிய போர் விமானப் போட்டிக்குச் செய்யப்பட்ட ஒய்எஃப்-22, ஒய்எஃப்-23 என்ற இரண்டு சோதனை விமானங்களிலும் பறந்தது. ஒய்எஃப்-22இல் பின்னெரிப்பான் இல்லாமலே ஒலியைப் போல் 1.58 மடங்கு வேகம் தொட்டது. போட்டியாளரான பிராட் அண்ட் விட்னியின் வழக்கமான இன்ஜின் அதே விமானத்தில் எட்டியது 1.43தான். ஆனாலும் 1991இல் தேர்வானது பிராட் அண்ட் விட்னி. எளிமையான அமைப்பு, சிக்கல் வரும் வாய்ப்பும் குறைவு. பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் அந்த முடிவு எனக்குப் புரிகிறது. நகரும் பாகம் ஒவ்வொன்றும் இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய பாகம்.

இப்போது பேசப்படுவது மூன்று ஓடை இன்ஜின். ஜெனரல் எலக்ட்ரிக்கின் எக்ஸ்ஏ100 2020 டிசம்பரில் முதன்முதலாகத் தரையில் ஓடியது. நடுப்பகுதி, அதைச் சுற்றி பைபாஸ், அதற்கும் வெளியே இன்னொரு ஓடை. நிதானமாகப் பறக்கையில் மூன்றாவது ஓடை திறந்து எரிபொருளை மிச்சப்படுத்தும். சண்டையில் அந்தக் காற்று உள்ளே திருப்பப்படும். எரிபொருளில் 25 சதவீதம் மிச்சம், உந்துவிசை 10 சதவீதமாவது கூடும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது குளிர்ச்சி. இன்றைய போர் விமானங்களில் ராடாரும் கணினிகளும் கக்கும் வெப்பத்தை எரிபொருளில்தான் இறக்குகிறார்கள். தொட்டி காலியாக ஆக அந்த வெப்பத்தை வைக்க இடமும் குறையும். மூன்றாவது ஓடையின் குளிர்ந்த காற்று அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் 2023இல் அமெரிக்க விமானப்படை இதை எஃப்-35 போர் விமானத்துக்கு வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, இருக்கும் இன்ஜினையே மேம்படுத்தும் வழிக்குப் போய்விட்டது. செலவு ஒரு காரணம். செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி வகைக்கு இது பொருந்தாது என்பது இன்னொன்று. அடுத்த தலைமுறை விமானத்துக்காக எக்ஸ்ஏ102, எக்ஸ்ஏ103 என்ற பெயர்களில் வேலை தொடர்கிறது.

இனி ப்ராஜெக்ட். மாடல் விமானங்களுக்கு விற்கும் மின்சாரக் குழாய் விசிறி ஒன்று, 50 அல்லது 70 மில்லிமீட்டரில். அதன் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிவிசி குழாய். உள் குழாயில் ஒரு கம்பி வலை. எரியும் பகுதி காற்றுக்குக் கொடுக்கும் தடையை அது காட்டும். வெளி வளையத்தில் திறந்து மூடும் தகடுகள். உங்கள் வெல்டிங் கைக்கு இங்கேதான் வேலை. தகடும் அதைத் தாங்கும் சட்டமும் ஆடாமல் அமைய வேண்டும். மொத்தத்தையும் மேசை டிராயரின் சறுக்குச் சட்டத்தில் ஏற்றி, முன்னால் ஒரு சமையலறைத் தராசைக் குத்தாக நிறுத்துங்கள். தராசு 100 கிராம் காட்டினால் ஏறக்குறைய 1 நியூட்டன். கையில் பாகங்கள் கொஞ்சம் இருந்தால் 1,000 ரிங்கிட் தாராளம்.

காற்றின் வேகத்துக்கு விலை கொடுத்து மீட்டர் வாங்க வேண்டாம். தெளிந்த பிளாஸ்டிக் குழாயை ‘ப’வைக் கவிழ்க்காமல் அப்படியே வளைத்து, பாதிவரை சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையோடு மெல்லிய குழாய் ஒன்றை இணைத்து, அதன் வாயைக் காற்றுக்கு நேராகக் காட்டுங்கள். 20 மீட்டர் வேகத்தில் இரு பக்க நீர்மட்டமும் சுமார் 2.4 சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டும். 40 மீட்டரில் சுமார் 9.5. வேகம் இரட்டித்தால் நீர் நான்கு மடங்கு ஏறுவதை அவளே கண்ணால் பார்ப்பாள்.

தகடுகளை மாற்றும்போதெல்லாம் வாட் மீட்டரை ஒரே எண்ணில் நிறுத்திய பிறகுதான் அளக்க வேண்டும். இதை விட்டால் மொத்த அளவும் வீண். இன்னொன்று, மேசைமேல் நிற்கும் விசிறியில் திறந்த நிலைதான் எப்போதும் ஜெயிக்கும். விமானம் ஓடாத இடத்தில் வேகமான ஓடைக்கு லாபம் கிடையாது. தேர்வாளர் இதைக் கட்டாயம் கேட்பார். மேலே சொன்ன 30 மீட்டர் கணக்கை அவள் அங்கே எடுத்து வைக்கட்டும்.

தகடுகளை ரொம்ப மூடினால் விசிறியின் சீரான விசில் சத்தம் உடைந்து, கரகரவென்று அடித்துக்கொள்ளும். உடனே மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதுதான் ஸ்டால், அதாவது காற்று விசிறி இதழ்களை ஒட்டி ஓடாமல் பிரிந்து குலையும் நிலை. அது தொடங்கும் இடத்தைக் குறித்து வைத்தால் அறிக்கையில் அதுவே சிறந்த பக்கமாக இருக்கும். விசிறிக்கு முன்னால் வலை, கண்ணுக்குக் கண்ணாடி, லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள், மூன்றும் கட்டாயம்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். மூன்று ஓடை இன்ஜின் எந்தப் படையிலும் இன்னும் பணிக்கு வரவில்லை. அதை நம்பி யாரும் இங்கே ஆள் எடுக்க மாட்டார்கள். ஆனால் போயிங் 737-800இன் சிஎஃப்எம்56 இன்ஜினைத் திறந்து பாருங்கள். திரும்பும் ஸ்டேட்டர் இதழ்கள் (சுழலாமல் நின்று, கோணத்தை மாற்றிக் காற்றை வழிநடத்துபவை), காற்றை வெளியே விடும் வால்வுகள், எரிபொருளின் அழுத்தத்தாலேயே அவற்றை நகர்த்தும் ஆக்சுவேட்டர்கள் எல்லாம் அதில் உண்டு. அந்த இதழ்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது பராமரிப்பு ஹேங்கரில் சாதாரண வேலை. ஸ்டால் சத்தத்தைத் தன் காதால் கேட்டவளுக்கு அந்தக் கோணம் ஏன் முக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தத் தகட்டில் ஒன்றையும் அளவுகள் எழுதிய நோட்டையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.