மாம்பழ கஸ்டர்டு ஏன் திரிகிறது, தண்ணீர் ஏன் தேங்குகிறது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். மகள் வாங்கிக் கொடுத்த ஓடிஜி என்ற சின்ன மின் அடுப்பில் மாம்பழ கஸ்டர்டு சுட்டுப் பார்த்தாராம். சூடான பாலில் மாம்பழக் கூழையும் முட்டையையும் கலந்து, துண்டுகளையும் போட்டு, 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார். மேலே முட்டைப் பொரியல் மாதிரி உதிர் உதிராக வந்ததாம், அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். 'பழம் நெடுஞ்சாலை ஓரக் கடையில் அல்போன்சா என்று சொல்லி வாங்கியது. பேக்கரிச் சாமான் விற்கும் கடைக்காரர், ஜெல் பவுடர் போடாமல் கஸ்டர்டு நிற்காது என்று ஒரு பாக்கெட் கொடுத்துவிட்டார். அதைப் போடலாமா?' என்று கேட்கிறார்.

போட வேண்டாம், அம்மா. அந்த ஜெல் பவுடர் சுடாமல் குளிர வைத்து உறைய விடும் இனிப்புக்கு உதவும். அடுப்பில் சுடும் கஸ்டர்டை நிறுத்துவது முட்டைதான். நாமக்கல் முட்டை பக்கத்திலேயே கிடைக்கிற ஊரில், எந்த மாவில் என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்கெட்டைத் தலையில் கட்டுகிறார்கள். 'பிரீமிக்ஸ்' என்றாலும் 'பேக்கிங் கிட்' என்றாலும் பெயர்தான் வேறு, சங்கதி ஒன்றுதான்.

உங்களுக்கு நடந்தது ஒரு தப்பில்லை, மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். அடுப்பில் வைப்பதற்கு முன்பே பாத்திரத்தில் பால் திப்பி திப்பியாக ஆனதா, இல்லை வெளியே எடுத்த பிறகுதான் அப்படிப் பார்த்தீர்களா? முன்பே ஆகியிருந்தால் முட்டையைக் குறை சொல்ல முடியாது, பால்தான் திரிந்திருக்கிறது. புளிப்புள்ள பழக்கூழைச் சூடான பாலில் ஊற்றினால், எலுமிச்சை பிழிந்து பனீர் எடுப்பது போலத்தான் ஆகும். பால் ஆறியிருந்தால் பழத்தின் லேசான புளிப்பைத் தாங்கும், கொதிக்கிற சூட்டில் தாங்காது. ஆகவே பாலை ஆற விடுங்கள். கூழே வேண்டாம், துண்டுகள் போதும்.

பழம் ஏன் புளித்தது என்பதற்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள். நெடுஞ்சாலை ஓரக் கடை! நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பை நிலக்காரர் தாமே அறுத்து விற்பது குறைவு. பூ எடுக்கும் முன்பே குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். குத்தகைக்காரருக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்ப வர வேண்டும். சீசன் ஆரம்பத்தில்தான் விலை. அதனால் முற்றாத காயையே அறுத்து மண்டிக்கு ஏற்றுகிறார். மண்டியிலோ குடோனிலோ யாரோ கார்பைடு பொட்டலம் வைக்கிறார்கள். அது ஈரம் பட்டதும் அசெட்டிலின் வாயுவை விடுகிறது. இரண்டு நாளில் தோல் தங்க நிறம் ஆகிவிடுகிறது, உள்ளே மாவும் புளிப்புமாக அப்படியே இருக்கிறது. கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும் என்பதால் அதை வைத்துப் பழுக்க வைப்பதற்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. எத்திலின் வாயுவை அளவோடு விட்டுப் பழுக்க வைக்கலாம், அதற்கு 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை, அனுமதி உண்டு. ஆனால் முற்றாத காயை எந்த வாயுவும் இனிக்க வைக்காது. தடையெல்லாம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஏப்ரலில் ஒரு நாள் குடோனில் சோதனை, நாலு கூடை பறிமுதல், செய்தித்தாளில் படம். ஜூன் வந்தால் யாரையும் காணோம். வீட்டிலிருக்கும் நாம்தான் மூக்கை நம்ப வேண்டியிருக்கிறது.

தண்ணீரில் போட்டால் கார்பைடு பழம் மிதக்கும், நல்ல பழம் மூழ்கும் என்று சொல்லும் சோதனையை நான் நம்புவதில்லை. காம்புக்குப் பக்கத்தில் முகர்ந்து பாருங்கள். வாசனை வராமல் நிறம் மட்டும் ஜொலித்தால் கீழே வைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, தெரிந்த தோட்டத்தில் முற்றிய காயாக வாங்குவது. காம்பின் இரண்டு பக்கமும் தோள் பூரித்து, காம்பு குழியில் இறங்கின மாதிரி தெரிந்தால் முற்றிவிட்டது. வைக்கோலிலோ செய்தித்தாளிலோ சுற்றி நாலைந்து நாள் வைத்தால் தானே பழுக்கும். பேரப்பிள்ளைகளுக்கும் அது ஒரு வேலை, தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பார்கள்.

எந்தப் பழம் என்று கேட்டால், சுடுவதற்கு நான் அல்போன்சா அல்லது பங்கனப்பள்ளி சொல்வேன். நாரில்லாமல், சதை கெட்டியாக இருப்பவை. மல்கோவாவைத் தயவுசெய்து அடுப்பில் வைக்காதீர்கள், அது அப்படியே தின்ன வேண்டிய பழம்.

கிளிமூக்கு வேண்டாம் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பெங்களூரா, தோத்தாபுரி, என்ன பெயர் சொன்னாலும் நம் மாவட்டத்தில் கொட்டிக் கிடப்பது இதுதான். பாதிக்கு மேல் கூழ் ஆலைக்குப் போகும், ஆலைக்காரர்கள் விலையைத் தள்ளினால் விவசாயிக்கு அறுப்புக் கூலிகூட மிஞ்சாது. இந்தப் பழத்தை வீட்டிலும் ஒதுக்கிவிட்டால் என்ன நியாயம்? ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. நன்றாகப் பழுத்து, மூக்கு நுனி மெத்தென்று ஆன பிறகு எடுங்கள். விரல்கணு அளவுத் துண்டுகளாக நறுக்கி, 300 கிராமுக்கு 2 மேசைக்கரண்டி சர்க்கரை போட்டு, அகலமான வாணலியில் நடுத்தரத் தீயில் 6 முதல் 8 நிமிடம் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும், பயப்படாதீர்கள். அந்தத் தண்ணீர் வற்றி, துண்டுகள் மினுமினுவென்று கரண்டியோடு ஒட்ட ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்துங்கள், ஜாம் ஆக்க வேண்டாம். ஒரு சிட்டிகை ஏலப்பொடி போட்டு, தட்டில் பரப்பி, முழுதாக ஆற விடுங்கள். பாத்திரத்தில் குவித்து வைத்தால் உள்ளே சூடு நின்று மறுபடி நீர் விடும். உங்கள் கஸ்டர்டின் அடியில் நின்ற தண்ணீரில் பாதி, வதக்காத பழம் சூட்டில் விட்டதுதான். அல்போன்சாவையும் இப்படி வதக்கலாம், அவசியம் இல்லை, கெடுதலும் இல்லை.

மீதித் தண்ணீர் முட்டை விட்டது. முட்டைக் கலவை ஏறக்குறைய 80 டிகிரியில் உறையும். 85-ஐத் தாண்டினால் இறுகி, தான் பிடித்து வைத்திருந்த ஈரத்தைப் பிழிந்து வெளியே விடும். 200 டிகிரி, ஒரு மணி நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். சமையல் குறிப்புகளில் 'கெட்டியாகும் வரை சுடவும்' என்று எழுதுகிறவர்களை நாலு வார்த்தை கேட்க வேண்டும். நடுப்பகுதி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். பாத்திரத்தை லேசாகத் தட்டினால் ஓரம் நிற்க வேண்டும், நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு இளநீர் வழுக்கை மாதிரி குலுங்க வேண்டும். ஆறும்போது அதுவும் உறைந்துவிடும்.

என் அடுப்பும் என்னை ஏமாற்றியிருக்கிறது. வாங்கிய புதிதில் 160-ல் வைத்தும் எல்லாம் கருகியது. உள்ளே தனி வெப்பமானி வைத்துப் பார்த்தால் 190. சர்வீஸ் ஆள் வந்து திருகைப் பார்த்துவிட்டு, 'வீட்டுச் சமையலுக்கு இது போதும் மேடம்' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் திருகில் போட்ட எண்ணை நம்புவதில்லை, வெப்பமானியைத்தான் நம்புகிறேன். சின்ன விலைதான், நீங்களும் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அளவைச் சொல்கிறேன். 'ஒரு கப்' என்று சொல்ல மாட்டேன், ஆளுக்கொரு கப் வைத்திருக்கிறார்கள். காய்ச்சி ஆறிய பால் 400 மில்லி, முட்டை 3, சர்க்கரை 80 கிராம், மைதா 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மைதா இருப்பதால் கலவை கொஞ்சம் சூடு கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். பிரான்சில் செர்ரிப் பழம் வைத்துச் சுடும் கிளாஃபூட்டி என்ற இனிப்பின் மாவும் இதே வழிதான். முட்டையையும் சர்க்கரையையும் நுரை வராமல் கலந்து, மைதா சேர்த்து, பாலை மெதுவாக ஊற்றி, வடிகட்டுங்கள். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாம்பழம் பரப்பி, மேலே கலவை.

அந்தப் பாத்திரத்தைப் பெரிய தட்டு ஒன்றில் வைத்து, பாதி உயரம் வரை வெந்நீர் ஊற்றுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் ஓரம் கருகாது. அடியில் பழைய துண்டு ஒன்று மடித்துப் போட்டால் இன்னும் நல்லது. ஓடிஜியை 15 நிமிடம் முன்பே சூடேற்றி, 160 டிகிரியில், கீழே இருக்கும் சூடேற்றும் தண்டு மட்டும் எரிய வைத்து, 40 நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் தண்டும் எரிந்தால் சின்ன அடுப்பில் மேற்பரப்பு வெடித்துவிடும். கரண்ட் வோல்டேஜ் குறைந்த நாளில் ஐந்து பத்து நிமிடம் கூடலாம். முழுதாக ஆறிய பிறகுதான் ஃப்ரிட்ஜுக்குள்.

முட்டை சாப்பிடாதவர்கள் கஸ்டர்டு பவுடர் வழிக்குப் போகட்டும், அது வேறு பதில்.

நேற்றுத் திரிந்ததைக் கொட்டிவிட்டீர்களா? இருந்தால் அதில் நிற்கும் தண்ணீரை வடித்து, மிக்ஸியில் அரைத்து, டம்ளரில் ஊற்றி உறைய வையுங்கள். குழந்தைகள் குல்ஃபி என்று நம்பிச் சாப்பிடுவார்கள். ஜெல் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை என்றால் ரசீதோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். 'பிரித்தால் எடுக்க மாட்டோம்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், பிரிக்காததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்று கேளுங்கள்.